சோடா விற்ற மைதானத்திலிருந்து பத்மஸ்ரீ வரை: கால்பந்து வீரர் ஐ.எம். விஜயனின் பயணம்

தமிழ்த் திரை ரசிகர்கள் வில்லன் முகமாக அறிந்த ஐ.எம். விஜயன், ஒரு காலத்தில் இந்திய கால்பந்து அணியின் தலைசிறந்த முன்கள வீரராக விளங்கியவர். வறுமையில் பிறந்த அவரது திறமைக்குக் கைகொடுத்தது எது என்பதை விளக்குகிறது இத்தொகுப்பு.

பள்ளிவாசல் (கேரளா): இடுக்கி மாவட்டம் மூணாறை ஒட்டியுள்ள பள்ளிவாசல், கேரளாவின் முதல் நீர்மின் திட்டம் 1940ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த ஊர். இதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருபவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். இந்த மலைப்பகுதியில் தேயிலைக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் ஒன்று உண்டென்றால் அது கால்பந்துதான். எஸ்டேட் அணிகளுக்கு இடையிலான ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டி மூணாறில் பல பத்தாண்டுகளாக நடைபெற்று வருகிறது. பகலில் தோட்ட வேலை, மாலையில் பந்து என்று வளர்ந்த இளைஞர்களின் ஆட்டம் அது.

உழைக்கும் குடும்பத்தில் பிறந்து, பந்தை மட்டுமே நம்பி நாட்டின் உச்சத்துக்குச் சென்ற ஒருவர் உண்டா என்று கேரளாவில் கேட்டால், முதலில் வரும் பெயர் ஐ.எம். விஜயன். இனிவளப்பில் மணி விஜயன் என்பது அவரது முழுப்பெயர். இந்தியாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதை மூன்று முறை பெற்ற அவருக்கு, 2025ஆம் ஆண்டு மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் கேரள காவல்துறைப் பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்றார்.

சோடா பாட்டிலும் பந்தும்

விஜயன் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி திருச்சூரில் பிறந்தார். சிறு வயதிலேயே சாலை விபத்தில் தந்தையை இழந்தார். குடும்பச் சுமை தாயின் தோளில் விழுந்தது. பள்ளிப்படிப்பு தடைபட்டது. திருச்சூர் நகராட்சி மைதானத்தில் கால்பந்துப் போட்டிகள் நடைபெறும்போது, பார்வையாளர்களுக்கு சோடா விற்கும் வேலையில் சிறுவன் விஜயன் ஈடுபட்டார். ஒரு பாட்டிலுக்கு அவருக்குக் கிடைத்தது 10 பைசா.

அந்த வேலை இன்னொரு வாய்ப்பையும் தந்தது. நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாத சிறுவனால், கேரளாவின் முன்னணி வீரர்களின் ஆட்டத்தை மைதானத்துக்குள் நின்றபடியே பார்க்க முடிந்தது. பார்த்ததை வெறும் காலில், தெருவிலும் வயல்வெளியிலும் ஆடிப் பழகினார்.

இந்தத் திறமையைக் கண்டறிந்து பயிற்சி அளித்தவர்களில் முக்கியமானவர் டி.கே. சாத்துண்ணி. சாலக்குடியைச் சேர்ந்த அவர், பின்னாளில் மோகன் பகான், எஃப்சி கொச்சின் உள்ளிட்ட அணிகளின் பயிற்சியாளராகப் புகழ்பெற்றவர். 2024ஆம் ஆண்டு காலமானார்.

17 வயதில் காவல்துறை அணி

திறமை இருந்தது. ஆனால், வீட்டில் அடுப்பெரிய வருமானம் வேண்டும். அந்த முடிச்சை அவிழ்த்தது கேரள காவல்துறை.

1980களில் கேரள காவல்துறை, மாநிலத்தின் சிறந்த இளம் வீரர்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுத்து, வலிமையான கால்பந்து அணியை உருவாக்கிக்கொண்டிருந்தது. அப்போதைய காவல்துறைத் தலைவர் எம்.கே. ஜோசப் இதில் தனி ஆர்வம் காட்டினார். விஜயனின் ஆட்டம் அவரது கவனத்துக்கு வந்தது. பணியில் சேர 18 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். விஜயனுக்கோ வயது 17. அதனால் முதலில் விருந்தினர் வீரராக ஆடவைத்து, பின்னர் காவலராகப் பணியில் சேர்த்துக்கொண்டனர். 1987ஆம் ஆண்டு அவரது காவல்துறை அணி வாழ்க்கை தொடங்கியது.

வி.பி. சத்யன், யு. ஷரஃப் அலி, சி.வி. பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூ, கே.டி. சாக்கோ என அந்த அணியில் இருந்தவர்களின் பெயர்களைக் கேரள ரசிகர்கள் இன்றும் வரிசையாகச் சொல்வார்கள். 1990ஆம் ஆண்டு அந்த அணி, நாட்டின் முக்கிய கிளப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. கேரளாவைச் சேர்ந்த ஓர் அணி அக்கோப்பையை வென்றது அதுவே முதல் முறை. கோவாவின் சல்காவ்கர் அணியை வீழ்த்திய அந்த இறுதிப்போட்டி நடைபெற்ற இடம் திருச்சூர். எந்த மைதானத்தில் சோடா பாட்டில் சுமந்தாரோ, அதே மைதானத்தில் விஜயன் சாம்பியன் அணியின் வீரராக நின்றார்.

அடுத்த ஆண்டு கண்ணூரில் நடைபெற்ற போட்டியிலும் காவல்துறை அணியே கோப்பையைத் தக்கவைத்தது.

கொல்கத்தா சூட்டிய பெயர்

அந்த வெற்றிகள் விஜயனை இந்தியக் கால்பந்தின் தலைநகராகக் கருதப்பட்ட கொல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றன. 1991ஆம் ஆண்டு மோகன் பகான் அணியில் சேர்ந்தார். ஓராண்டுக்குப் பின் காவல்துறை அணிக்குத் திரும்பி, மீண்டும் மோகன் பகானுக்குச் சென்றார்.

வங்காள ரசிகர்கள் அவருக்கு 'காலோ ஹரின்' என்று பெயர் சூட்டினர். 'கருப்பு மான்' என்பது அதன் பொருள். எதிரணித் தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையே புகுந்து துள்ளி ஓடும் வேகத்துக்காகக் கிடைத்த பெயர் அது. பந்து வரும் திசையை முன்கூட்டியே கணித்து நிற்பது, பந்தை மார்பில் தாங்கி நிலத்தில் விழுமுன்பே அடிப்பது, உடலை அந்தரத்தில் திருப்பி உதைப்பது ஆகியவை அவரது ஆட்டத்தின் அடையாளங்கள்.

பஞ்சாபின் ஜேசிடி

1994 முதல் 1997 வரை, பஞ்சாப் மாநிலம் பக்வாராவில் உள்ள ஜேசிடி பஞ்சாலையின் அணிக்காக விஜயன் விளையாடினார். இந்தக் காலகட்டமே அவரது கிளப் வாழ்க்கையின் பொற்காலம் எனலாம். இங்குதான் சிக்கிமைச் சேர்ந்த பைச்சுங் பூட்டியாவும் அவரும் ஓர் அணியில் இணைந்து ஆடினர்.

நாட்டின் முதல் தேசிய கால்பந்து லீக் தொடர் 1996-97ஆம் ஆண்டு நடத்தப்பட்டபோது, கொல்கத்தா, கோவா அணிகளைப் பின்னுக்குத் தள்ளி ஜேசிடி சாம்பியன் பட்டம் வென்றது. பூட்டியா அத்தொடரில் அதிக கோல் அடித்தவரானார்.

கொச்சியில் இரண்டு விஜயன்கள்

1997ஆம் ஆண்டு கேரளாவின் முதல் தொழில்முறை கால்பந்து கிளப் என்ற பெருமையுடன் எஃப்சி கொச்சின் தொடங்கப்பட்டது. வெளிமாநிலங்களில் ஆடிக்கொண்டிருந்த கேரள நட்சத்திரங்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பினர். விஜயனும் அவர்களில் ஒருவர்.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கும் அந்த அணியில் ஒரு பெருமை இருந்தது. ஐ.எம். விஜயனுடன் முன்களத்தில் நின்ற மற்றொரு விஜயன், தமிழ்நாட்டைச் சேர்ந்த ராமன் விஜயன். அதே ஆண்டு டூராண்ட் கோப்பை இறுதிப்போட்டியில் மோகன் பகானை வீழ்த்தி எஃப்சி கொச்சின் பட்டம் வென்றது. இந்தியாவின் மிகப் பழமையான கால்பந்துத் தொடரான அதைக் கேரள அணி ஒன்று வென்றது அதுவே முதல் முறை. 1997-98 தேசிய லீக்கில் அதிக கோல் அடித்த வீரராக ராமன் விஜயன் திகழ்ந்தார்.

ஆனால் அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. நிதி நெருக்கடியில் சிக்கிய எஃப்சி கொச்சின், சில ஆண்டுகளிலேயே களத்திலிருந்து மறைந்தது. விஜயன் அதன் பின்னர் ஈஸ்ட் பெங்கால், ஜேசிடி, கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் ஆகிய அணிகளுக்காக ஆடி, 2006ஆம் ஆண்டு ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தபோது கிளப் கால்பந்துக்கும் விடை கொடுத்தார்.

இந்திய அணியில்

1990களின் தொடக்கத்திலிருந்து 2003 வரை விஜயன் இந்திய அணியின் முன்கள வீரராக இருந்தார். 1993ஆம் ஆண்டு லாகூரில் நடைபெற்ற தெற்காசியக் கோப்பையை, சத்யன் தலைமையில் இந்தியா வென்றது. 1997ஆம் ஆண்டு காத்மாண்டுவில் நடைபெற்ற தெற்காசியக் கோப்பை இறுதிப்போட்டியில் மாலத்தீவை 5-1 என்ற கணக்கில் இந்தியா தோற்கடித்தது. அத்தொடரில் 6 கோல்களுடன் அதிக கோல் அடித்தவர் விஜயன்.

1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94ஆவது இடத்தைப் பிடித்தது. இன்றுவரை இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே. விஜயன், பூட்டியா தலைமுறை ஆடிய காலம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவுக்காக அவர் அடித்த கோல்களின் எண்ணிக்கை, கணக்கிடும் முறையைப் பொறுத்து மாறுகிறது. முழு அளவிலான சர்வதேச ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 30ஐ ஒட்டியும், பிற ஆட்டங்களையும் சேர்த்தால் 40ஐ ஒட்டியும் அது அமைகிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் முறையான ஆவணப்படுத்தலும் குறைவாக இருந்த ஒரு காலத்து வீரருக்கு நேர்ந்த இழப்பு இது. அவரது புகழ்பெற்ற கோல்கள் பல, பார்த்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன.

12 விநாடி

1999ஆம் ஆண்டு காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. பூடானுக்கு எதிரான ஆட்டத்தில் நடுவர் விசில் ஊதிய 12ஆவது விநாடியில் விஜயன் கோல் அடித்தார். சர்வதேசக் கால்பந்தில் மிக விரைவாக அடிக்கப்பட்ட கோல்களுள் ஒன்றாக அது பேசப்படுகிறது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை 1993, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் அவர் பெற்றார். அவ்விருதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பெற்ற முதல் வீரர் அவரே. சுனில் சேத்ரி பின்னாளில் இந்த எண்ணிக்கையைக் கடந்தார்.

2003ஆம் ஆண்டு ஐதராபாத்தில் நடைபெற்ற ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா, உஸ்பெகிஸ்தானிடம் 0-1 என்ற கணக்கில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. 34 வயதில் அத்தொடரில் ஆடிய விஜயன், 4 கோல்களுடன் முதலிடம் பிடித்தார். அத்துடன் சர்வதேசக் கால்பந்திலிருந்து ஓய்வு பெற்றார். அர்ஜுனா விருதும் அதே ஆண்டு அவருக்கு வழங்கப்பட்டது.

ஸ்பெயினில் ஒரு 17 வயது வீரர்

விஜயனின் வாழ்க்கையை அவரது காலத்து ஐரோப்பிய முன்கள வீரர் ஒருவருடன் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். ஸ்பெயினின் ரவுல் கோன்சாலெஸ், 1994ஆம் ஆண்டு அக்டோபரில் ரியல் மாட்ரிட் அணிக்காக முதல் ஆட்டத்தில் களமிறங்கியபோது வயது 17. அதற்கு முன்பே மாட்ரிட் நகரின் இரண்டு பெரிய கிளப்களின் இளையோர் அணிகளில் அவர் பயிற்சி பெற்றிருந்தார். ரியல் மாட்ரிட்டுக்காக 323 கோல்கள், ஸ்பெயினுக்காக 102 ஆட்டங்களில் 44 கோல்கள் என்ற சாதனைகளுடன், 2015ஆம் ஆண்டு அவர் ஓய்வு பெற்றார்.

விஜயனும் 17 வயதில்தான் பெரிய அணிக்குள் நுழைந்தார். வேறுபாடு, அவரவர் நுழைந்த வாசலில் இருக்கிறது. ரவுலை வளர்த்தது ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட கிளப்பின் இளையோர் அமைப்பு. விஜயனை வளர்த்தது அரசுத் துறை ஒன்றின் மாதச் சம்பளம். காவலர் வேலை என்ற அந்தப் பிடிமானம் இல்லாதிருந்தால், சோடா விற்ற சிறுவன் வேறொரு கூலி வேலைக்குப் போயிருக்கக்கூடும்.

திரையில்

மலையாள இயக்குநர் ஜெயராஜின் 'சாந்தம்' திரைப்படத்தில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்து விஜயன் திரையுலகில் நுழைந்தார். அரசியல் கொலையின் துயரத்தைப் பேசும் அப்படம், 2000ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படம் என்ற தேசிய விருதைப் பெற்றது.

தமிழில் விஷால் நடித்த 'திமிரு' (2006) அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பின்னர் கார்த்தி நடித்த 'கொம்பன்' (2015), கால்பந்தை மையமாகக் கொண்டு விஜய் நடித்த 'பிகில்' (2019) ஆகிய படங்களிலும் அவர் தோன்றினார். கால்பந்து குறித்த படத்தில் தங்கள் முன் வந்து நிற்பவர் நாட்டின் சிறந்த கால்பந்து வீரர்களுள் ஒருவர் என்பதை இளைய ரசிகர்கள் பலர் அறியாமலேயே அப்படத்தைப் பார்த்தனர்.

மீண்டும் காக்கிச் சீருடை

ஆட்ட வாழ்க்கைக்குப் பிறகு விஜயன் மீண்டும் கேரள காவல்துறைப் பணிக்குத் திரும்பினார். மலப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மலபார் சிறப்புக் காவல் படையில் அதிகாரியாகப் பணியாற்றியதுடன், காவல்துறையின் கால்பந்து அகாடமிக்கும் பொறுப்பேற்றார். 2022ஆம் ஆண்டு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தொழில்நுட்பக் குழுத் தலைவராக நியமிக்கப்பட்டார்.

திருச்சூர் லாலூரில் அவரது பெயரில் விளையாட்டு வளாகம் ஒன்றும் அமைக்கப்பட்டுள்ளது. நகரின் குப்பைகள் பல ஆண்டுகளாகக் கொட்டப்பட்ட கிடங்காக இருந்த இடம் அது.

சத்யனின் நினைவு

எல்லா வீரர்களுக்கும் வாழ்க்கை இவ்வாறு அமைந்துவிடவில்லை. காவல்துறை அணியில் விஜயனுடன் ஆடிய வி.பி. சத்யன், பின்னர் இந்திய அணியின் தலைவரானவர். சிறந்த வீரர் விருதை 1992ஆம் ஆண்டு பெற்றவர். 1992ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நடைபெற்ற சந்தோஷ் கோப்பை இறுதிப்போட்டியில் கோவாவை வென்ற கேரள அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சென்னையில் இந்தியன் வங்கி அணிக்காக ஆடி, அங்கேயே பணியாற்றினார். காயங்களால் துன்புற்ற அவர், 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் தனது 41ஆவது வயதில் சென்னையில் உயிரிழந்தார். அவரது வாழ்க்கையைத் தழுவி 'கேப்டன்' என்ற மலையாளத் திரைப்படம் 2018ஆம் ஆண்டு வெளியானது.

ஆட்டம் முடிந்த பின்னும் ஒரு வீரருக்கு வாழ்க்கை நீள்கிறது என்பதையும், அப்போது அவருக்குத் தேவைப்படும் துணை வேறு வகையானது என்பதையும் சத்யனின் முடிவு உணர்த்துகிறது.

அடுத்த விஜயன் எங்கிருந்து?

விஜயனை வளர்த்த அணிகளில் பல இன்று இல்லை. எஃப்சி கொச்சின் மறைந்துவிட்டது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜேசிடி அணி 2011ஆம் ஆண்டு கலைக்கப்பட்டது. 1991 ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் காவல்துறையை எதிர்கொண்ட மும்பையின் மஹிந்திரா அணியும் அதற்கு முந்தைய ஆண்டே மூடப்பட்டது. ஆலைகளும் வங்கிகளும் அரசுத் துறைகளும் வேலை கொடுத்து வீரர்களை வளர்த்த காலம் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் போன்ற தொழில்முறை கிளப்களும், அகாடமிகளும் வந்துள்ளன.

இன்றைய வீரர்களுக்கு விஜயன் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத ஊதியம் கிடைக்கிறது. ஆனால் அகாடமியின் வாசல் வரை ஒரு சிறுவன் வந்து சேர வேண்டுமே என்பதுதான் கேள்வி. நகரத்திலிருந்து தொலைவில் உள்ள மலைத்தோட்டத்தில், தினக்கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தில் பிறந்த சிறுவனுக்குப் பந்தைவிட முதலில் தேவைப்படுவது, வேலைக்குப் போகாமல் ஆடுவதற்கான சில ஆண்டுகள். விஜயனுக்கு அந்த ஆண்டுகளைக் கொடுத்தது ஒரு காக்கிச் சீருடை.

மூணாறு, பள்ளிவாசல் பகுதி எஸ்டேட் மைதானங்களில் இன்றும் மாலை நேரத்தில் சிறுவர்கள் பந்தை உதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனை அடையாளம் காணும் கண்ணும், அவனது வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தை உறுதி செய்யும் கையும் வாய்த்தால், அடுத்த விஜயன் ஏதேனும் ஒரு தோட்டக் குடியிருப்பிலிருந்தும் வரலாம்.

ஐ.எம். விஜயன் - ஒரு பார்வை:

பிறப்பு: 1969 ஏப்ரல் 25, திருச்சூர்

ஆடிய அணிகள்: கேரள காவல்துறை, மோகன் பகான், ஜேசிடி, எஃப்சி கொச்சின், ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ்

ஆண்டின் சிறந்த வீரர்: 1993, 1997, 1999

அர்ஜுனா விருது: 2003

சர்வதேசக் கால்பந்திலிருந்து ஓய்வு: 2003

கிளப் கால்பந்திலிருந்து ஓய்வு: 2006

பத்மஸ்ரீ விருது: 2025